புதன்கிழமை கத்தரி எடுக்காதவர்

புதன்கிழமை முடி வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அந்த வட்டாரமே நம்பியது. ஏதோ முன்னோர் வாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கிளப்பிவிட்டவர் சலூன்காரர்தான், அதுவும் பச்சைப் பொய்.

அப்போது அவர் மனைவி தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க விடுவது புதன்கிழமை மட்டும்தான். கடையைப் பூட்டினால் சும்மா விடுவார்களா? வீட்டுக்கே வந்து கதவைத் தட்டி, ரெண்டே நிமிஷம் என்று தலையை நீட்டினார்கள். மனைவியின் நோயை ஊருக்கெல்லாம் சொல்ல மனமில்லாமல், வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். அது கை கால் முளைத்துக் கிளம்பிவிட்டது. புதன்கிழமை முடி வெட்டி மாடியிலிருந்து விழுந்தவர், வேலை போனவர் என்று ஆளாளுக்கு ஒரு சாட்சியோடு வந்தார்கள்.

ஒரே ஒரு புதன்கிழமை, மறுநாள் கல்யாணம் என்று ஒரு மாப்பிள்ளை கெஞ்சியதில் மனம் இளகிக் கத்தரியை எடுத்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் மனைவியின் உயிர் பிரிந்திருந்தது.

இப்போது புதன்கிழமை எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது கொடுமை, அதுவும் அந்தக் கிழமையில். ஆகவே கடையைத் திறந்தார். ஈ ஓட்டியதுதான் மிச்சம். தான் சொன்னது பொய் என்று பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் கூச்சத்தை விட்டு ஒப்புக்கொண்டும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா என்னைக்குப் போனாங்க, சொல்லுங்க," என்றார் தையல்காரர், மெதுவாக.

இவர் தன் கடைக்குத் திரும்பிப் போய் காலி நாற்காலியைத் துடைத்தார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஊருக்குப் புதிதாக வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் விவரம் தெரியாமல் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. துணியைப் போர்த்தினார், தண்ணீர் தெளித்தார், வாய் ஓயாமல் பேசினார். வீட்டில் யார் யார் என்று விசாரித்தார்.

"அவ ஒருத்திதாங்க. ஆஸ்பத்திரியில இருக்கா. இங்கிருந்து நேரா அங்கதான் போறேன்," என்றார் ஓட்டுநர்.

கத்தரி பிடித்த கை அப்படியே நின்றது. தான் சொன்ன பொய் தனக்கே தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் கை இறங்க மறுத்தது. ஈரத் தலையைத் துவட்டிவிட்டு, துணியின் முடிச்சை அவிழ்த்தார்.

"இன்னைக்கு வேணாங்க," என்றார். "புதன்கிழமை."