அக்கா மகள் கேட்ட பிஎச்பி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வெப்சைட் எழுதுகிற மொழிகளில் பிஎச்பி என்று யாராவது சொன்னால் இன்னும் சீக்கிரம் வரும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினாறு வருடம் சாஃப்ட்வேர் எழுதிச் சேர்த்துக்கொண்ட திமிர்களில் அதுவும் ஒன்று.

என் அக்கா அல்சூரில் இருக்கிறாள். அபார்ட்மெண்ட் வீடுகளில் சமைக்கப் போகிறவள். அவளைப் போலச் சமைக்கப் போகிற நாற்பது பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் பெரிது, அவ்வளவுதான். அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி லீவு போட்டால் அன்றைக்கு அவள் வீட்டுக்கு இன்னொருத்தி போய்ச் சமைத்துவிட்டு வருவாள். அப்படி மாற்றாகப் போகிறவளுக்குப் பெயர் பத்லி. ஒரு தடவை பத்லி போகாவிட்டால் வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள். இரண்டாம் தடவை வேறு ஆள் வைத்துவிடுவார்கள். வேலை போச்சு என்று இவர்கள் சொல்வதில்லை, வீடு போச்சு என்பார்கள்.

யாருக்கு யார் பத்லி என்பதெல்லாம் வாட்ஸப் குரூப்பில் ஓடியது. குட் மார்னிங் ரோஜாக்களுக்கும் சாமி படங்களுக்கும் நடுவில் தேடித் தேடி அக்காவுக்குக் கண் வலி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள். "இவ்ளோ பெரிய கம்பெனில குப்ப கொட்டுறியே, எங்களுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுடா." குழம்பு நன்றாக இருந்தது. சரி என்றேன்.

அக்கா மகள் அப்போதுதான் பிசிஏ முடித்திருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, பிஎச்பில பண்ணலாம். எனக்கு அது நல்லா வரும்."

"பிஎச்பியா? அதையெல்லாம் இன்னும் யாராவது தொடுவாங்களா?"

"ஏன், எவ்ளோ சைட்டு அதுல ஓடுது."

"ஓட்ட பஸ்ஸும்தான் ஓடுது."

"ஓட்ட பஸ்ஸுன்னாலும் எனக்கு ஓட்டத் தெரியும்ல மாமா."

அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எந்த பாஷைல எழுதினா என்ன? காலைல அஞ்சரைக்கு போன்ல தெரியணும், அவ்ளோதான்."

திரையில் தெரிகிற பட்டன் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பட்டனை அமுக்கியதும் சர்வரில் இருந்துகொண்டு, இன்று யார் லீவு, எந்த வீட்டுக்கு யார் பத்லி என்று பார்த்துப் பதில் அனுப்புகிற நிரல்தான் விஷயம். அதை எந்த மொழியில் எழுதுவது என்றுதான் சண்டை. நான் வயதில் பெரியவன், சத்தமும் அதிகம். ஜெயித்தேன்.

கம்பெனியில் எழுதுவது போலவே நோட் ஜேஎஸ்ஸில் எழுதினேன். நாற்பது பேர் பார்க்கிற சைட்டுக்கு நாற்பது லட்சம் பேர் வந்தாலும் தாங்குகிற ஏற்பாடு. ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் என் லேப்டாப்பில் மாற்றி, சோதித்து, மூட்டை கட்டி, சர்வரில் ஏற்ற வேண்டும். "இதுல நான் எப்படி மாத்துறது மாமா?" என்று கேட்டாள். "நீ ஏன் மாத்தணும்? நான் இருக்கேன்ல" என்றேன்.

அந்த நிரலில், ஒருத்தி ஒரு நாளில் ஒரு வீட்டுக்குத்தான் பத்லி போகலாம் என்று எழுதி வைத்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது, எழுதினேன்.

ஆடி மாதம் வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற வெள்ளிக்கிழமை, பாதிப் பேர் லீவு. மீதிப் பேர் ஆளுக்கு இரண்டு வீடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வருடா வருடம் அப்படித்தானாம். சைட் முடியாது என்றது. அக்கா மகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் கம்பெனி காரில், மேம்பாலத்தின் மேல், போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். இறங்கிப் பார்த்தால் பதினான்கு மிஸ்டு கால். அதற்குள் அக்கா போனிலேயே எல்லோரையும் பிடித்து ஓரளவு சமாளித்திருந்தாள். ஒரு வீடு மட்டும் விட்டுப்போனது.

அந்த வீட்டில் ஓர் அம்மா எட்டு வருடமாகச் சமைத்துக்கொண்டிருந்தார். முந்தின மாதம் காய்ச்சலில் ஒரு நாள் ஏற்கெனவே தவறியிருந்தது. வீடு போச்சு.

சாயங்காலம் அல்சூருக்குப் போனேன். அக்கா என் தலையில் நங்கென்று குட்டினாள். நாற்பது வயதில் குட்டு வாங்குவது தனி அனுபவம். அக்கா மகள் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதுதான் இன்னும் எரிந்தது.

"பிஎச்பிலயே எழுதித் தொல" என்றேன்.

"நெஜமாவா மாமா?"

"திரும்பக் கேட்டேன்னா மனசு மாறிடுவேன்."

நாலு நாளில் எழுதினாள். படித்துப் பார்த்தேன். அழகில்லை. ஆனால் யாருக்கும் புரியும். ஓர் இடத்தில் மட்டும் கத்தினேன். திரையில் இருக்கும் பெட்டியில் யார் எதைத் தட்டச்சு செய்தாலும் அதைச் சோதிக்காமல் அப்படியே டேட்டாபேஸுக்கு அனுப்பியிருந்தாள். "எவனாவது வந்து மொத்த லிஸ்டையும் அழிச்சிட்டுப் போவான்டி!" நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். அந்தக் கத்தலில் நியாயம் இருந்தது. மற்றதில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கோயிலில் கூழ். அன்று விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். ஒருத்தி மூன்று வீடு பார்க்கிறேன் என்று போன் செய்தாள். அக்கா மகள் ஃபைலைத் திறந்தாள், ஒருத்திக்கு இரண்டு வீடு என்றிருந்ததை மூன்றாக்கினாள், சேமித்தாள். முடிந்தது. வீடு போன அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா பாப்பா?"

"அவ்ளோதான் பெரிம்மா."

அவர் என் பக்கம் திரும்பினார். "இதுக்கா தம்பி என் வீடு போச்சு?"

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. எதுவும் அங்கே செல்லாது. "ஆமாம்மா" என்றேன்.

"அப்ப நீயே வந்து அந்த மேடம்கிட்ட சொல்லு."

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு போனேன். வீட்டுக்கார மேடம் கதவைப் பாதி திறந்துவைத்துக் கேட்டார். தப்பு இவர் மேல் இல்லை, சைட்டை எழுதிய என் மேல் என்றேன். "ஏன்றீ, ஒந்து ஃபோன் மாடோகாகல்வா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். ஒரு போன் பண்ண முடியாதா என்கிற அந்த ஒரே கேள்வியைப் பத்து நிமிடம் விதவிதமாகக் கேட்டார். மேனேஜர் அரை வார்த்தை சொன்னாலே நான் எழுந்து வெளியே போகிற ஆள். அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில், புது ஆள் வைத்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, ஆறாவது மாடியில் ஒரு வீட்டில் ஆள் தேடுகிறார்கள், தான் அனுப்பியதாகப் போய்ச் சொல்லச் சொன்னார்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நல்லா வாங்கினியா தம்பி?"

"வாங்கினேம்மா."

"எட்டு வருஷமா எனக்கு டெய்லி அதான். மனசு மட்டும் நல்ல மனசு."

லிஃப்ட் வந்தது. ஆறை அமுக்கினேன்.