கஷாயத்துக்குத் தரம் போடும் சிவசாமி

தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, பிறகு லயத்து வீட்டு வரிசையின் அந்தக் கோடியில் இருப்பவனுக்கும் கேட்கும்படி ‘ஸ்ர்ர்ர்’ என்று உறிஞ்சுகிறார் சிவசாமி. வாய்க்குள்ளேயே இடம் வலமாக உருட்டுகிறார். மனைவி நாகலெட்சுமி கையைப் பிசைந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்து நிற்கிறாள். விழுங்கி முடித்த பிறகு தீர்ப்பு வருகிறது.

“நேத்தைய விட நெறம் பரவால்ல. ஆனா வாசம் இல்ல புள்ள. டஸ்ட் தூள்ல சேக்கலாம்.”

“மருந்துங்க அது. இவரு வாசம் பாக்குறாரு வாசம்.”

இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இருபத்தாறு வருடம் வேலை செய்தவர் சிவசாமி. ருசி பார்த்துத் தரம் சொல்வது டீமேக்கரின் வேலை. அவருக்கு முன்னால் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, கொதிநீர் ஊற்றி, மணி பார்த்து வடித்து வைப்பது சிவசாமியின் வேலை. டீமேக்கர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இவரும் ஒரு வாய் உறிஞ்சிவிடுவார். அப்படித் திருட்டுத்தனமாகப் படித்த வித்தை அறுபத்து மூன்றாம் வயதில் கைகொடுக்கிறது. குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டதால் வீட்டோடு இருக்கிறார். ருசி பார்க்க ஒவ்வொரு நாளும் ஏதாவது வந்துகொண்டிருக்கிறது.

நோய் வந்த வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அடுத்த காம்பரா வீட்டுப் பூரணி பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தாள். கோயில் கமிட்டிக்காரர்கள் பச்சை மஞ்சளும் நெல்லிக்காயும் கொண்டுவந்தார்கள். கோதுமைப் புல் சாறு கொண்டுவந்த ஒருவரிடம், “வழி தவறி வந்துட்டீங்க, மாட்டுப்பட்டி அந்தப் பக்கம்” என்றார் சிவசாமி. போனில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, சிறுநீரைக் குடித்தால் கட்டி கரையுமாம் என்று ஒருவர் சொன்னார். “வீடியோ போட்டவனே குடிக்கட்டும். அவன் ஊட்டுச் சரக்கு” என்று அதைத் தரம் போடாமலே கழித்துவிட்டார்.

கொழும்பில் தையல் ஆலையில் வேலை செய்யும் மகள் வினோதா, சட்டையில்லாமல் புஜத்தை முறுக்கி நிற்கும் ஒருவனின் படம் போட்ட பெரிய டப்பாவில் சத்துமாவு அனுப்பினாள். சிவசாமி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தத் தம்பிக்கு எந்த எடத்துல கேன்சரு?” என்று மகளிடம் போனில் கேட்டார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அன்று மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி, “ஐயா, சுகம் வராது. வலி இல்லாம நாங்க பாக்குறது” என்றார். வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு கரண்டி குடிக்கும்படி இரண்டு போத்தல் தண்ணி மருந்தும் கொடுத்தார். சிவசாமிக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. “நம்ம டீமேக்கர் மாதிரி. கழிவுத்தூள்னா கழிவுத்தூள்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுறாரு.” நாகலெட்சுமி பஸ்ஸில் வீடு வரும்வரை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வந்தாள்.

இந்த இடத்தில்தான் கந்தப்பன் நுழைகிறார். கினிகத்தேனை டவுனில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்து கடை படுத்துவிட்ட பிறகு மூலிகை வைத்தியத்துக்கு மாறிவிட்டார். பழைய தொழிலின் பழக்கம் மட்டும் போகவில்லை. நோயாளியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “அப்படியே இருங்க, ஆடாதீங்க” என்பார். பரிசோதனை அவ்வளவுதான்.

“முள்சீத்தா எலைக்கு அடங்காத கேன்சரு கெடையாதும்மா. நல்லா முத்தின எலையா இருபத்தொண்ணு, கஷாயம் வச்சு, நாப்பத்தெட்டு நாளு. ஆனா இங்கிலீசு மருந்து ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. போச்சுன்னா மூலிகை கோவிச்சிக்கும்.”

“எங்க மச்சினன் மாதிரி போல” என்றார் சிவசாமி. யாரும் சிரிக்கவில்லை. நாகலெட்சுமி அன்றைக்கே வலி மருந்துப் போத்தல்களை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் சிவசாமி அவளுக்காகத் தாக்குப்பிடித்துப் பார்த்தார். பல்லைக் கடித்தார், சுவரைச் சுரண்டினார், சாமிகளைப் பெயர் சொல்லி வைதார். வலி எதற்கும் மசியவில்லை. மூன்றாம் நாள் காலை நாகலெட்சுமி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும், சுவரைப் பிடித்துப் பிடித்து அரிசி டின் வரை நடந்துபோய் ஒரு கரண்டி குடித்தார். அன்று முதல் அவள் வேலைக்குப் போயிருக்கும்போதும், குழாயடிக்குப் போகும்போதும், தூங்கும்போதும் குடித்துவந்தார். அவள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு.

ஐந்தாம் நாளே அவருக்குத் தூக்கம் வந்துவிட்டதை நாகலெட்சுமி லயம் முழுக்கச் சொல்லி முடித்தாள். “மூலிகைன்னா மூலிகைதான். மொகத்தப் பாருங்க, தெளிஞ்சிருச்சு.” சிவசாமி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்திருந்தது அவள் முகம்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த முகம். அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இலை பறிக்க அவள் பக்கத்துச் சிங்கள கிராமத்துக்குப் போவாள். அங்கே ஒரு வீட்டு வேலியோரம் முள்சீத்தா மரம் நிற்கிறது. வீட்டுக்காரியிடம் “அக்கே, கொள டிக்கக் கடன்னத?” என்று கேட்டு, கொஞ்சம் இலை பறித்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். முற்றிய இலை என்று கந்தப்பன் சொன்னதைக் காது கேட்டிருந்தது. விரலுக்குத்தான் எட்டவில்லை. முப்பத்தைந்து வருடமாக இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளிய விரல் அது. முத்தல் இலை நாலு சேர்ந்து வந்தால் தராசடியில் கணக்கப்பிள்ளை மானத்தை வாங்கிவிடுவார். முதல் நாள் மரத்தடிக்குப் போனதுமே இரண்டு கையும் தாமாக எழும்பித் துளிரைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் வீசின. முதுகில் கூடை இல்லை என்பதே முதல் பிடி தரையில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஸ்டோர்க்காரர் கண்ணுக்கு இது தப்புமா? தம்ளரைப் பார்த்த அன்றே சிவசாமிக்குத் தெரிந்துவிட்டது. முத்தல் இலை என்றால் இன்னும் கசக்குமே என்று வாயை மூடிக்கொண்டார்.

முப்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கந்தப்பன் நேரிலேயே வந்தார். சிவசாமியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. கந்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். சுளகில் கிடந்த இலை அவர் கண்ணில் பட்டது.

“என்னம்மா இது? அம்புட்டும் கொழுந்து! முத்தின எலன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. முப்பத்திரண்டு நாளும் வீணாப் போச்சு. இன்னைக்கே மொத நாளா வச்சு ஆரம்பிங்க. நோய முத்த விட்டுட்டீங்க, இனிமே நான் பொறுப்பில்ல.”

நாகலெட்சுமி இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். தேயிலைக் கறை ஊறிக் கறுத்த விரல்கள். “அப்ப நாந்தானா? நாந்தானா இவர…” என்றாள்.

டாக்டர் சொன்ன அன்று வராத கோபம் சிவசாமிக்கு இப்போது வந்தது. சுவரில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கந்தப்பன், கொழுந்து மேல பழி போடாதீங்க. நாந்தான் இங்கிலீசு மருந்து குடிச்சேன். மூணாம் நாள்லருந்து குடிக்கிறேன். அரிசி டின்னுக்குப் பின்னாடி பாருங்க, ஒரு போத்தல் காலி.”

கந்தப்பனுக்கு மூச்சு வந்தது. “அப்ப அதுதான்! நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?”

“அதேதான். போற எடத்துல எல்லாம் அப்படியே சொல்லுங்க. அவ கையில குத்தமில்ல, எல்லாம் என் வாயில. போயிட்டு வாங்க.”

கந்தப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நாகலெட்சுமி அரிசி டின்னை நகர்த்தினாள். காலிப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“அப்ப அந்தத் தூக்கம்?”

“போத்தல் தூக்கந்தான் புள்ள.”

“ஊரு பூரா சொல்லித் திரிஞ்சேனே.” தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த ரெண்டு நாளு சுவத்தச் சொரண்டிக்கிட்டுக் கெடந்தீங்க. மூலிகை வேல செய்யுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேனேங்க.”

சிவசாமிக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “எத்தன மணிக்கு ஒருக்கா குடிக்கணும்?”

“நாலு மணிக்கு ஒருக்கா.”

“கடைசியா எப்பக் குடிச்சீங்க?”

“நீ எந்திரிக்கிறதுக்கு முந்தி.”

மணி இரண்டு தாண்டியிருந்தது. நாகலெட்சுமி மற்றப் போத்தலை எடுத்துத் திறந்தாள். கரண்டியில் தளும்பத் தளும்ப ஊற்றினாள். சிவசாமி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். கரண்டி காலியான பிறகும் பிடியை விடவில்லை.