டெல்லிப் பதிவேட்டில் அண்ணன் பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கோழி நோய்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, நாமக்கல் பக்கம் எங்கள் கோழிப்பண்ணையிலேயே கிடந்தவன் நான். எச்சத்தின் நிறம், தொங்கும் இறக்கை, தீனி எடுக்காத நாள் என்று பல வருஷம் பார்த்ததையெல்லாம் அதில் எழுதியிருந்தேன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற எனக்கு அதுதான் பேச்சு.

யாரும் திருடிவிடக் கூடாதென்று, பதிப்புரிமையைப் பதிவு செய்யும் டெல்லி அலுவலகத்துக்கு விண்ணப்பம் தயார் செய்யப் போனேன். டைப் அடிப்பவர் கேட்டார்: "உரிமையாளர் யாருங்க?"

எங்கள் வீட்டில் நிலம், கிணற்று மோட்டாரின் கரண்ட் இணைப்பு எல்லாமே அண்ணன் பெயரில்தான். மூத்தவர் இருக்கையில் இளையவன் பெயரில் சர்க்கார் காகிதம் எதுவும் இருந்ததில்லை. அண்ணன் பெயரைச் சொன்னேன்.

"எழுதுனது?"

"அதுக்கும் அதே பேரையே போட்டுருங்க. ரெண்டு பேரு இருந்தா வில்லங்கம் வந்துருமுங்க."

சான்றிதழ் வந்தது. அண்ணன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். புத்தகமும் அவர் பெயரிலேயே அச்சானது.

பிறகு பாகம் பிரித்தோம். நிலத்தில் பாதி வந்தது; புத்தகம் வரவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதியது அது ஒன்றுதான்.

டெல்லிக்கு எழுதினேன். வந்த பதிலை டைப் அடிப்பவரே படித்துச் சொன்னார். யார் எழுதியது என்று அந்த அலுவலகம் துருவிப் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்ததைப் பதிவேட்டில் ஏற்றும். திருத்த அண்ணன் சம்மதித்து எழுதித் தரவேண்டும், இல்லையென்றால் வழக்காட வேண்டும்.

"எழுதுன அன்னைக்கே உரிமை உங்களுதுங்க. பதியாம உட்டிருந்தாலும் உங்களுதுதான்" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறைதான் வாய் திறந்தது.

"அண்ணா, ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க."

"ஏண்டா, கோழிப்பீயப் பத்தி எழுதுனதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? இன்னைக்கு இதை மாத்துனா, நாளைக்குப் பாகப் பத்திரத்தையும் மாத்தோணும்ப. நீயே சொல்லிப் போட்ட பேருதானே, சாமி?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுபதிப்பின் புரூஃப் தாள்களை, பிழை பார்க்கச் சொல்லி அண்ணன் எனக்கே கொடுத்தனுப்பினார். மருந்தளவில் ஒரு புள்ளி தவறினால் கோழிகள் செத்துப்போகும். பார்க்காமல் விட மனம் வரவில்லை. முதல் தாளில் இருந்த அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். மதியம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அச்சகத்துக்குப் போய், மை கொட்டிவிட்டது என்று பொய் சொல்லி, வேறொரு முதல் தாள் வாங்கிவந்தேன்.