பலாமரத்தடிக்கு அனுப்பப்பட்டவன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் ஒரு பலாமரம் நிற்கிறது. ஒரு டொக்டர் என்னை அதன் அடியில் போய் உட்காரச் சொன்னார். அதனால் நான் சாகப்போகிறேன் என்று நம்பினேன். ஏதோ லேசான சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்சாதிக்குக் கடைசி வார்த்தை சொல்லும் அளவுக்கு நம்பினேன்.

இதில் டொக்டருக்கும் பங்கு உண்டு. யுத்தம் நடந்த வருஷங்களில் வடக்கில் பட்டாள டொக்டராக இருந்த சிங்களவர். ஓய்வுபெற்று றக்வானைக்குத் திரும்பிய பிறகு, வாரத்தில் ஒருநாள் எங்கள் டிஸ்பென்சரிக்கு வருகிறார். நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனால் அது அங்கே காயப்பட்டு வந்த சனங்களிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ். எங்களுக்கு 'வலிக்கும்', அவருக்கு 'நோகும்'. அதைக் கேட்டு, வந்த வியாதியை மறந்து சிரித்தவர்கள் உண்டு.

எங்கள் ஆட்கள் காலையிலேயே குடையை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு மலைக்குப் போவார்கள். டொக்டர் குடைகளை மதிப்பதில்லை. வந்ததும், காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்குகளின் ஓரமாக ஒரு நடை நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, யார் முதல், யார் பிறகு என்று விரலை நீட்டுவார். மருந்து கொடுக்கும் உதவியாளர் அதன் ரகசியத்தை ஒருநாள் எனக்குச் சொன்னார்.

"யுத்தத்துல பழகின பழக்கம்ங்க. வர்றவங்கள மூணாப் பிரிப்பாங்களாம். ஒடனே பாக்க வேண்டிய ஆளு ஒண்ணு. பொறுக்கக்கூடிய ஆளு ரெண்டாவது. மூணாவது, என்ன செஞ்சாலும் பொழைக்காத ஆளு. அவங்கள மரத்தடியில கெடத்திருவாங்களாம்."

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அன்று காலை மடுவம் என்கிற எடைக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. கூடவே வருகிறவர்களைக் கேலி செய்வதையும் சம்பளமில்லாமல் செய்துவருகிறேன். மேல் லயத்து வரிசை வீட்டு அக்கா சாக்கைத் தராசில் மாட்டினார். ஏழு கிலோ. மற்ற நாள் அதைப்போல இரண்டு மடங்கு கொண்டுவருகிறவர்.

"என்னக்கா, இன்னிக்குக் கொழுந்து பறிச்சீங்களா, சாமிக்குப் பூ பறிச்சீங்களா?"

"இந்தக் கை என்னமோ வரமாட்டேங்குது தம்பி."

"அப்ப கைக்கு மட்டும் லீவு எழுதிருவோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நெஞ்சு வலித்தது. உடனே போனில் நெஞ்சுவலிக்கு ஒரு வீடியோ பார்த்தேன். வியர்க்கும் என்றார்கள், வியர்த்தது. தலை சுற்றும் என்றார்கள், சுற்றியது. அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எனக்கு வந்துகொண்டிருந்தது. மடுவத்தில் யாரும் நம்பவில்லை. "இந்த வாரம் நெஞ்சு வலியா? போன வாரம் பாம்பு கடிச்சுச்சே!" என்றார்கள்.

டிஸ்பென்சரிக்கு ஓடினேன். நெஞ்சு வலிக்காரன் ஓடலாமா என்ற யோசனை வரவில்லை. ஆம்புலன்ஸ் இந்த வளைவுகளில் ஏறி வந்து சேர நேரமாகும். அவசரத்துக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போவது கொழுந்து லொறிதான். அது வாசலில் நின்றது. முன்யோசனையுள்ளவன் என்பதால் யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறிக் கால் நீட்டிக்கொண்டு, "ஐயோ, சாகிறேனே!" என்று கத்தினேன்.

டொக்டர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், நெஞ்சில் ஓரிடத்தில் அழுத்தினார். இன்னும் பலமாகக் கத்தினேன்.

"நீர் இறங்கும். அந்த மரத்தடியிலை போய் இரும்."

"ஐயா, மரத்தடிங்களா?"

"ஓம். கெதியா இறங்கும்."

மூன்றாவது ஆள்! கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எனக்குப் பதிலாக அவர் வாங்கின் கடைசியில் இருந்த மேல் லயத்து அக்காவிடம் போனார். அக்கா சத்தமே போடவில்லை. வயிற்றில் காஸ் என்று மாத்திரை வாங்க வந்தவர், குடையை ஒழுங்காக வரிசையில் வைத்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தார். "அம்மா, எங்கை நோகுது? எப்ப துவங்கினது?" என்று கேட்டார் டொக்டர். அக்கா ஏதோ முணுமுணுத்தார். ஒரு மாத்திரையைச் சப்பக் கொடுத்து, நான் சூடாக்கி வைத்திருந்த சீட்டில் அவரை ஏற்றி, டொக்டரும் கூடவே ஏறினார். லொறி போய்விட்டது.

என் லொறி!

மரத்தடியில் படுத்துப் பெண்சாதிக்குப் போன் எடுத்தேன். "நான் போயிட்டேன்னா பிள்ளைகள நல்லாப் பாத்துக்க."

"எங்க போறீங்க?"

"டொக்டரே கைவிட்டுட்டாரு. மரத்தடியில போட்டுட்டாரு."

"நேத்து அந்தப் பெரிய பலாக்காயத் தூக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? சும்மா கெடங்க. சோறு கொண்டாறேன்."

சோறு வந்தது. கறி, அதே பலாக்காய். சாகப்போகிறவன் என்ற மரியாதைக்காவது வேறு ஏதாவது சமைத்திருக்கலாம். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

நாலு மணி நேரம் கழித்து டொக்டர் திரும்பி வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீர் இன்னும் போகேல்லையோ?"

"எங்கங்க போறது? சாவட்டும்னுதானே என்னை மரத்தடியில போட்டீங்க?"

கதையை யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. மரத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"அங்கை அப்பிடி ஒரு மரம் இருந்தது. உண்மைதான்," என்றார். "இஞ்சை நிழலுக்குத்தான் சொன்னனான். கத்திற ஆளுக்கு மூச்சு இருக்கு. கத்தாத ஆக்களைத்தான் நான் முதல் பாக்கிறது."

அக்காவுக்கு என்ன என்று அப்போதுதான் கேட்டேன்.

எனக்கு இருந்தது பலாக்காய் தூக்கியதில் வந்த தசைப்பிடிப்பு. அக்காவுக்கு ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து, பிழைத்து வந்தார். வலி தொடங்கியது காலையில், மலையில் வைத்து. அந்த ஏழு கிலோவையும் அவர் பறித்தது அந்த வலியோடுதான்.