செடிக்காரப் பெடியனின் அப்பா

படம் முடிந்து கதவு திறக்கிற நேரத்தில் ஞானப்பிரகாசம் அண்ணை சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஜெர்மனியில், ஹம் நகரத்துச் சின்னத் திரையரங்கு அது. சைக்கிள் சுவரோடு சாய்ந்திருக்கும், பின்னால் பச்சைமிளகாய்ப் பை தொங்கும். முதலில் வருகிற கூட்டத்தைப் போகவிடுவார். சிகரெட் பற்ற வைக்கத் தேங்கி நிற்பவர்களிடம்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போவார். "மன்னிக்க வேண்டும், படம் எப்படி?" என்று, கம்பித் தொழிற்சாலையில் கற்ற ஜெர்மனில் மெதுவாகக் கேட்பார்.

கேட்கப்பட்டவர்கள் திடுக்கிடுவார்கள். படமோ கஞ்சாப் படம். இரண்டு இளைஞர்கள் செத்துப்போன மாமாவின் தோட்டத்தில் கஞ்சா வளர்த்து, புகைத்து, செய்ததை மறந்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் புகைக்கிற நகைச்சுவை. அதைப் பற்றி நரைமீசைக்காரர் ஒருவர் வாசலில் நின்று விசாரித்தால் பொலிஸ் என்று நினைப்பார்களா மாட்டார்களா? ஒரு மாணவன் கையில் இருந்ததைச் சட்டென்று கீழே போட்டு மிதித்ததை நானே பார்த்தேன்.

"நல்ல படம்" என்று சொன்னால் அண்ணைக்குப் போதாது. "சரி, அந்தச் செடிக்காரப் பெடியன்?" என்பார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். செடிக்காரப் பெடியன் அவருடைய ஒரே மகன் யூட்சன். அதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார்.

யூட்சன் வங்கிப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நடிக்கவென்று கொலோனுக்குப் போனவன். வீட்டில் பெரிய சண்டை. பிறகு ஒருநாள் போன் எடுத்து, "அப்பா, படத்தில நடிச்சிருக்கிறன். தோட்டத்தில நடக்கிற கதை" என்றான். தோட்டம் என்ற சொல்லே அண்ணைக்குப் போதும், மிச்சத்தை அவர் கேட்கவில்லை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமி படத்தைப் பற்றி அறிவித்தார். உலகக் கிண்ணக் கொடிகள் பால்கனிகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம், எங்கள் சனம் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல் உடுத்திக்கொண்டு படம் பார்க்க வெளிக்கிட்டது. கூறைச்சேலை ஒன்றுதான் பாக்கி. யாரோ ஒரு பெட்டி ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தார்கள்.

திரையில் முதல் புகை எழும்பியபோது அண்ணையின் மனைவி இமெல்டா அக்கா செபமாலையைத் தேடினார். "பொறுங்கோ, பிறகு திருந்துவாங்கள்" என்று பின்வரிசையில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அவங்கள் எங்கே திருந்தினாங்கள்! அப்புறம் யூட்சன் வந்தான். செடிகளுக்கு நடுவே குந்தி, இரண்டு விரலால் ஓர் இலையைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்து, நாக்கால் 'ச்சுக்' என்றான். "என்ன கண்டறியாத சோம்பல்? எழும்படா, வெயில் வந்திட்டுது!" என்று அந்தச் செடியைத் தமிழில் அதட்டினான்.

எங்கள் வரிசைகள் வெடித்துச் சிரித்தன. "ஐயோ, இது எங்கட ஞானம் அண்ணையெல்லோ!" என்று யாரோ கத்தினார்கள். நானும்தான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணையின் இருக்கை காலியாக இருந்தது.

அண்ணையின் அந்த இரண்டு விரலையும் அந்த அதட்டலையும் ஹம்மில் அறியாத தமிழர் இல்லை. ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து மிளகாய், வெண்டி, பொன்னாங்காணி எல்லாம் வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் நாற்றுகள் அவர் வீட்டுக் குளியலறைக்குக் குடிபெயரும். "குளிக்கப் போனா தக்காளி நிக்குது தம்பி, வெக்கமாக் கிடக்கு" என்பார் இமெல்டா அக்கா. தொழிற்சாலையிலும் வீட்டிலும் அளந்து பேசுகிற மனிதர், தோட்டத்துக்குள் கால் வைத்தால் வாய் மூடமாட்டார். மே மாதத்தில் திடீரென்று குளிர் விழுந்தால் தன்னுடைய வேலை ஜாக்கெட்டைக் கழற்றி மிளகாய்க் கன்றுகளுக்குப் போர்த்திவிட்டு, விறைத்துப்போய் வீடு வருவார். சின்ன வயதில் யூட்சன் அந்தச் சைக்கிளின் பின்னால் இருந்து கூடவே திரிந்தவன்.

படம் பார்த்த நாளில் இருந்து மகனின் போனை அவர் எடுக்கவில்லை.

"கஞ்சாவை விடு தம்பி. அது நடிப்பு, எனக்கு விளங்காதோ?" என்றார் என்னிடம். "நான் செடியோட கதைக்கேக்க அவன் பக்கத்தில நிண்டவன். அப்ப அவன் சிரிக்கேல்லை. இப்ப சனமெல்லாம் சிரிக்குது. என்னை நையாண்டி பண்ணினவனோ இல்லையோ, அது எனக்குத் தெரியவேணும்."

"அவனிட்டையே கேளுங்கோவன்."

"அவன் நடிகன். எப்பிடியும் சொல்லுவான்."

அதனால்தான் அந்நியர்களிடம் போனார். இரண்டு பெண் பிள்ளைகள், "அவன் செல்லம், அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்றார்கள். தாடிக்காரன் ஒருவன், "எந்தச் செடிக்காரன்? நான் தூங்கிவிட்டேன்" என்றான். அதைத்தான் அண்ணையால் தாங்க முடியவில்லை. "குருடன், குருடன்" என்று வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார். ஒரு கிழவர் மட்டும் யோசித்து, "மொழி புரியவில்லை. திட்டுகிறானா கொஞ்சுகிறானா தெரியாது. கொஞ்சுவதாகத்தான் எனக்குப் பட்டது" என்றார். அண்ணை அவருக்கு இரண்டு கையாலும் பச்சைமிளகாய் அள்ளிக் கொடுத்தார். கிழவர் பாவம், அதைக் கொண்டுபோய் என்ன செய்தாரோ.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதியில எழும்பி ஓடினது நீங்கள். மிச்சத்தைப் பாக்காமல் ரோட்டில போறவன் வாறவனையெல்லாம் விசாரிக்கிறீங்கள்!" என்று, படத்தின் கடைசி நாளன்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் காட்சி வந்தது. அரங்கு சிரித்தது. அண்ணை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார், ஆனால் எழும்பவில்லை. அடுத்த காட்சியில் யூட்சன் உச்சி வெயிலில் இலைகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். கடைசியில் படத்தில் பனி விழுகிறது. பொலிஸ் வருகிற சத்தத்தில் மற்ற இருவரும் பாய்ந்து ஓடுகிறார்கள். செடிக்காரப் பெடியன் தோட்டத்து வாசல் கேற்றுவரை ஓடி, நின்று, திரும்பி வருகிறான். ஜாக்கெட்டைக் கழற்றிச் சின்னக் கன்று ஒன்றுக்குப் போர்த்துகிறான். விளிம்புகளைச் சுற்றிவர மண்ணில் செருகுகிறான். பிடிபடுகிறான். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் செருகிற மாதிரியே செருகிறான்" என்றார் அண்ணை.

வெளியே வந்தோம். சுவரொட்டிக்குப் பக்கத்தில், அண்ணை வழக்கமாக நிற்கிற அதே இடத்தில், யூட்சன் நின்றான். இமெல்டா அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். கொலோனில் இருந்து ரயிலேறி ஓடி வந்த கோலம், ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"படம் எப்பிடியப்பா?"

அண்ணை தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"மத்தியான வெயிலுக்க ஆரடா இலையில தண்ணி ஊத்துறது? கருகிப்போகும்" என்றார்.

பிறகு கிட்டப் போய், இரண்டு விரலால் மகனின் கழுத்துப்பட்டியைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்து, 'ச்சுக்' என்று நாக்கைத் தட்டினார்.