அண்ணன் கேட்டும் கிடைக்காத தண்டனை: க்ராய்டன் கோர்ட்டில் ஒரு காலை

2007 மார்ச்சில் லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மியூசியம் பார்த்ததில் கால் வீங்கியதுதான் மிச்சம். மதுரையில் கிரிமினல் வக்கீலாகக் காலம் தள்ளுகிறவளுக்குக் கோர்ட்டைவிட நல்ல வேடிக்கை எது? கேட்டதும் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

தங்கை வீடு இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து க்ராய்டனுக்கு பஸ்ஸில் இருபது நிமிடம், ஒரு பவுண்டு. பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை. பையைச் சோதித்து உள்ளே விடுகிறார்கள். கறுப்பு அங்கி போட்ட ஊழியரிடம், தண்டனை மட்டும் அறிவிக்கப்போகிற வழக்கு எது என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு மாடியைக் காட்டினார்.

எனக்கு ஆர்வமே அதில்தான். நம் ஊரில் ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிபதி ஆறு மாதம் கொடுப்பார், அடுத்த அறைக்காரர் இரண்டு வருஷம் கொடுப்பார். கேட்டால் அவரவர் மனசு என்போம். இங்கே அந்த வித்தியாசத்தைக் குறைக்க வழிகாட்டு நெறிகள் வகுத்து வருகிறார்கள்.

பக்கத்தில் ஜெபமாலையோடு ஒரு பெண் இருந்தாள். பெயர் ஜெசிந்தா, மன்னார்க்காரி. கூண்டில் நின்ற இருவரும் அவளுடைய அண்ணனும் தம்பியும். வரி கட்டாத சிகரெட் விற்ற வழக்கு. இருவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று.

"தம்பிக்குப் போன மாசம்தான் பிள்ளை பிறந்தது, அக்கா. அண்ணை எல்லாம் தான்தான் செய்ததெண்டு சொல்லிப்போட்டார். தம்பியை விட்டிடுவினம்தானே?"

விட்டுவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். தம்பிக்காகத் தலை கொடுக்கும் அண்ணன்மாரை எங்கள் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீதிபதி அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். சரக்கை வரவழைத்ததும் விற்றதும் தம்பிதான், அண்ணன் தன் கடையின் பின்னறையைக் கொடுத்ததோடு சரி என்று சாட்சியங்களை எடுத்து வைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "தம்பி செய்ததற்கு உங்களைத் தண்டிக்க முடியாது, நீங்களே கேட்டாலும்" என்றார்.

தம்பிக்கு எத்தனை மாதத்தில் தொடங்கினார், எதற்குக் கூட்டினார், ஒப்புக்கொண்டதற்கும் கைக்குழந்தைக்கும் எவ்வளவு கழித்தார் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார். முடிவில் பதினைந்து மாதம் சிறை. அதில் பாதி உள்ளே, மீதி நிபந்தனையோடு வெளியே. அண்ணனுக்கு ஆறு மாதம், நிறுத்தி வைக்கப்பட்டது. அவன் வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டு போட்டேன்? கூண்டில் அழுதது வீட்டுக்குப் போகிற அண்ணன்தான். தம்பி அவன் தோளைத் தட்டிவிட்டுக் காவலரோடு படியிறங்கிப் போனான்.

வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்காமல், "நியாயமாத்தானே செஞ்சார்?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஓம் அக்கா. பிழை சொல்ல ஏலாது" என்றாள். ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "கோவிக்கிறதுக்கும் ஆளில்லாமல் போச்சு" என்றாள்.

லண்டனில் நான் பார்த்தவற்றிலேயே உயர்ந்தது அந்தத் தீர்ப்புதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். நீங்களும் போய்ப் பாருங்கள். வேலை நாட்களில் காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். படம் எடுக்கக் கூடாது. நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் யாராவது ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தால், தீர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவரிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள்.