தலைமேல் அடித்த சத்தியம்

கால்பந்து மைதானத்தில் கோடு போடுகிறவரை எல்லோரும் சுண்ணாம்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். விடிந்ததும் கயிற்றை இழுத்துக் கட்டி, தூள் நிரப்பிய தள்ளுவண்டியை உருட்டத் தொடங்கிவிடுவார். வீட்டுச் சுவருக்கு ஒரு நாளாவது இந்த வெள்ளையை அடித்திருப்பாரா என்பது மனைவியின் தீராத வழக்கு.

அவருடைய ஒரே மகள் அந்த மைதானத்தில்தான் ஆடுகிறாள். போன வருடம் அவளுக்கு முழங்காலில் சிராய்த்தபோது, மனிதர் தண்ணீர் பாட்டிலோடு ஆட்டத்தின் நடுவே ஓடிவிட்டார். "பாப்பாவுக்குப் பால்புட்டி வந்தாச்சு" என்று தோழிகள் அவளை ஓட்டித் தள்ளினார்கள். அழுதுகொண்டே வந்தவள் அவர் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

"இனிமே கோட்டைத் தாண்டி உள்ள வர மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணுப்பா."

பண்ணினார். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளைக்கே ஆகாது என்று நம்புகிறவர் அவர்.

இன்று பந்துக்குத் துள்ளிய இரண்டு பெண்களின் தலையும் 'ணங்'கென்று மோதிக்கொண்டன. மகள் விழுந்தாள், எழுந்தாள், தூசியைத் தட்டினாள். ஷூ கயிறு அவிழவேயில்லை, குனிந்து கட்டினாள். மறுபடியும் கட்டினாள். பந்து வந்ததும் எதிரணிப் பெண்ணுக்குத் தட்டிவிட்டு, எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்று புரியாமல் நின்றாள்.

"மாஸ்டர், பாப்பாவை வெளிய கூப்பிடுங்க. அவ அவளா இல்ல."

"ரத்தம் இல்ல, மயக்கம் இல்ல. சும்மா இருங்கண்ணே," என்றார் பயிற்சியாளர், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பாவின் ஒரு கால் கோட்டின்மேல் போய்விட்டது. காலையில் அவரே போட்ட கோடு, துடைப்பத்தால் பெருக்கினால் போய்விடும். ஆனாலும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுத்த பந்துக்கும் அவள் தலையைக் கொடுத்தாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா அப்பாவிடமும் பயிற்சியாளரிடமும் மெதுவாகத்தான் பேசினார். "மயங்கி விழணும்னு இல்லைங்க. குழம்பினாலே ஆட்டத்தை நிறுத்தியிருக்கணும். மூளையில வீக்கம் இருக்கு. எப்போ கண் முழிப்பாள்னு இப்போ சொல்ல முடியாது. முதல் அடி பட்டப்போ யாருமே பாக்கலையா?"

பயிற்சியாளர் தரையைப் பார்த்தார்.

"நான் பார்த்தேன்மா. கோட்டுப் பக்கத்துலதான் நின்னேன்," என்றார் அப்பா.

"அப்புறம் ஏன் உள்ள போய்க் கூட்டிட்டு வரல?"



"அவ தலைக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துட்டேன்மா."